கொதித்தாலும் போகாத உப்பு

கேள்வி: பாலாற்றங்கரைக் கிராமம் எங்களுடையது. போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. கொதிக்க வைத்தால் போதும் என்கிறார் மாமியார். படிகாரம் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எது சரி?
– வாசகி, வாணியம்பாடி

பதில்: இரண்டுமே வேறு நோய்க்கான மருந்து. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் கரிப்பு கொஞ்சம் கூடவே செய்யும். படிகாரம் கலங்கலுக்கு உரியது. நுண்ணிய மண் துகள்கள் ஒரே மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. படிகாரத்திலுள்ள அலுமினியம் அதை அடக்கியதும் திரண்டு அடியில் உட்காருகின்றன. கரைந்த உப்பை அது தொடாது.

உப்பைப் பிரிக்க வீட்டில் ஆர்.ஓ. (சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் கருவி) தான் வழி. ஆனால் வாங்குமுன் தண்ணீரைச் சோதியுங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை ஏற்கலாம் என்கிறது ஐ.எஸ். 10500 தரநிர்ணயம். கடைக்காரர் முக்கிக் காட்டும் டி.டி.எஸ். (கரைந்த உப்பு அளவு) மீட்டருக்குக் குரோமியமும் தெரியாது, கிருமியும் தெரியாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளூரைடு, நைட்ரேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடத்தை ஆர்.ஓ. வெளியே தள்ளும், காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற தெருவில் இதை மாட்டுவது வீண் செலவு.

உங்கள் பக்கத்து உப்பில் பெரும்பங்கு தோல் பதனிடும் ஷாப்புகளிலிருந்து வந்தது. தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது. முதல் ஊறலிலேயே அது தண்ணீருக்குப் போய்விடுகிறது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இந்தத் தோல் ஷாப்புகள் பற்றிய பாலாற்று வழக்கில்தான். 2025 ஜனவரியிலும் அதே விவகாரம் அங்கே பேசப்பட்டது.

தோல் பதனிடப் பயன்படும், எல்லோரும் பயப்படும் குரோமியத்தை மீட்பது சுலபம். கழிவுநீரில் மெக்னீசியம் ஆக்சைடு போட்டால் காரம் ஏறி, குரோமியம் பச்சைச் சேறாக அடங்கும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு அந்தச் சேற்றைக் கந்தக அமிலத்தில் கரைத்தால், மறுபடி பதனிடும் டிரம்முக்கே போகலாம். சாதாரண உப்பு அப்படி எதற்கும் படியாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்.ஓ. வைத்துப் பிரித்து, மிஞ்சியதைக் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். மின்சாரமும் விறகும் தின்ற பிறகு மூட்டை மூட்டையாக உப்பு நிற்கும், வாங்க ஆளில்லை. என்னைக் கேட்டால், ஊறப்போடுமுன் தோலை நன்றாக உதறி உப்பைத் தனியே அள்ளிவிடுவதுதான் எல்லா இயந்திரத்தையும்விட மலிவு.

கேள்வி: ஜவ்வாது மலையில் மழை வந்தால் ஊற்றுத் தண்ணீர் செம்மண்ணாக வருகிறது. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டும் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.
– வாசகர், புதூர்நாடு

பதில்: வரிசை மாறிவிட்டது. கலங்கல் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டால், அதிலுள்ள அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். துகளுக்குள் ஒளிந்த கிருமி பிழைத்துக்கொள்ளும். முதலில் தெளியவையுங்கள். தேற்றான் கொட்டையைப் பானையின் உட்புறம் உரசுவது நம் பழைய வழி, நன்றாகவே தெளியும். ஆனால் கிருமியைக் கொல்லாது. தொட்டிக்கு மணல் வடிகட்டி மேல். தெளிந்த பிறகு 1000 லிட்டருக்கு 4 கிராம் பவுடரைச் சிறு வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் திறந்துவிடுங்கள். வாய் திறந்து கிடந்த பழைய பொட்டலம் வேண்டாம். காற்றுப் பட்டால் வீரியம் இறங்கிவிடும்.