இரண்டாவது நாற்காலி

அன்புள்ள மாணவிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாய். “சார், குவார்டெட்டில் இரண்டாவது வயலின் வாசிக்கிறவங்க எல்லாம் தனியா மேடை ஏற முடியாதவங்கதானே?” வாசலில் உன் அப்பா வண்டியோடு நின்றிருந்தார். பதில் கேட்காமலேயே ஓடிவிட்டாய். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

மூன்று நாள் கழித்து ஒரு பத்திரிகைக் கட்டுரை கண்ணில் பட்டது. மேலை இசையை நம்மவர்களுக்கு அறிமுகம் செய்கிறோம் என்று தொடங்கி, இரண்டாவது வயலினையும் வயோலாவையும் ‘பக்கவாத்தியங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் கோபம் வந்தது. கூடவே உன் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதும் புரிந்தது. கச்சேரி மேடையைப் பார்த்து வளர்ந்த கண் நமக்கு. நடுவில் ஒருவர், அவரைச் சுற்றி மற்றவர்கள் என்றே எல்லா மேடையையும் பார்த்துவிடுகிறோம். பக்கவாத்தியம் பெரிய கலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது வேறு ஏற்பாடு. பாடகர் ஆலாபனையில் போகிற வழியை வயலின்காரர் நிழல்போலத் தொடர்கிறார், பிறகு தன் முறை வரும்போது தன் வழியில் போகிறார். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நால்வர் வாசிக்கும் குவார்டெட்டில் அப்படி நிழல் கிடையாது. இரண்டாவது வயலினுக்கு எழுதியிருப்பதைப் பெரும்பாலும் மற்ற மூவரில் யாரும் வாசிப்பதில்லை. அவர் விட்டால் அந்த இடம் ஓட்டைதான்.

சொன்னால் நம்ப மாட்டாய், வாசித்துப் பார். ஷூபர்ட்டின் ஏ மைனர் குவார்டெட், ‘ரோசமுண்டே’ என்று பெயர் பெற்றது. 1824 மார்ச் மாதம் வியன்னாவில் ஷுப்பன்சிக் குழு முதன்முதலில் வாசித்தது. ஷூபர்ட் உயிரோடு இருந்தபோது அச்சான ஒரே குவார்டெட் அதுதான். அதன் தொடக்கத்தைக் கவனி. முதல் வயலின் முதல் இரண்டு பார் (தாள அளவு) வாய் திறப்பதில்லை. இரண்டாவது வயலின்தான் ஆரம்பிக்கிறது: மிக மெல்லிய ஒலியில், ஏறி இறங்கி ஏறி இறங்கி, காற்றில்லாத ஏரியின் சிற்றலை போல ஓடிக்கொண்டே இருக்கிற சுரங்கள். கீழே வயோலாவும் செல்லோவும் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து, அதன் முடிவில் சட்டென்று ஒரு நடுக்கம் நடுங்குகின்றன. மூன்றாவது பாரில்தான் முதல் வயலின் ராகத்தோடு உள்ளே வருகிறது. அதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. வேகம் என்ன, ஒலியின் நிறம் என்ன, இது துக்கமா அல்லது துக்கத்தை நினைத்துப் பார்ப்பதா, எல்லாவற்றையும் இரண்டாவது நாற்காலியில் இருப்பவர் தீர்மானித்துவிட்டார். முதல் வயலின்காரர் அவர் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் நுழைய வேண்டும்.

நான் இதை முதலில் கேட்டது ஒரு பழைய கேசட்டில். அமடேயஸ் குவார்டெட் வாசித்தது. நண்பன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். அந்த முதல் இரண்டு பாரைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் போட்டுக் கேட்டு, அந்த இடத்தில் மட்டும் நாடா தேய்ந்துபோனது. அன்றிலிருந்து அந்த நால்வரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவந்திருக்கிறேன். அவர்கள் கதையே உன் கேள்விக்குப் பதில் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நார்பர்ட் பிரைனின், சிக்மண்ட் நிஸல், பீட்டர் ஷிட்லாஃப் ஆகிய மூவரும் ஆஸ்திரிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் பிரிட்டனுக்குத் தப்பி வந்தார்கள். வந்த இடத்திலும் நிம்மதியில்லை. 1940-இல் ‘எதிரி நாட்டவர்’ என்று சொல்லி பிரிட்டன் அரசு அவர்களை முகாம்களில் அடைத்தது. நாஜிகளிடமிருந்து தப்பியவர்களை நாஜிகளின் ஆட்கள் என்று சந்தேகித்தால் அவர்கள் எங்கே போவார்கள்? ஆனால் ஒரு முகாமில் பிரைனினும் ஷிட்லாஃபும் சந்தித்தார்கள். பிறகு ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் ஷிட்லாஃபும் நிஸலும் சந்தித்தார்கள். வெளியே வந்தபின் மூவரும் லண்டனில் மாக்ஸ் ரோஸ்டாலிடம் மாணவர்களானார்கள். அவரும் பெர்லினிலிருந்து துரத்தப்பட்டவர்தான். காசில்லாத இந்தப் பிள்ளைகளிடம் அவர் கட்டணம் வாங்கவில்லை.

இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். மூன்று பேருமே வயலின்காரர்கள், ஒரே குருவிடம் படித்தவர்கள். நாலாவதாக லண்டன் இளைஞர் மார்ட்டின் லவெட் செல்லோவோடு சேர்ந்தார். குவார்டெட் அமைய வேண்டுமென்றால் மூன்று வயலின்காரர்களில் ஒருவர் வயோலாவுக்குப் போக வேண்டும், இன்னொருவர் இரண்டாவது நாற்காலியில் உட்கார வேண்டும். ஷிட்லாஃப் வயலினை வைத்துவிட்டு வயோலாவை எடுத்தார். நிஸல் இரண்டாவது வயலினானார். கைகூடாமல் ஒதுங்கியவர்கள் என்று இவர்களை யாராவது சொல்ல முடியுமா? 1948 ஜனவரி 10 அன்று லண்டன் விக்மோர் ஹாலில் அமடேயஸ் குவார்டெட் என்ற பெயரில் முதல் கச்சேரி. அதற்கான செலவுக்குப் பணம் தந்து உதவியவர் இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் மகள் இமோஜன் ஹோல்ஸ்ட். அதன்பின் கிட்டத்தட்ட 40 ஆண்டுகள், ஒரு ஆள்கூட மாறாமல், அதே நால்வர். பெஞ்சமின் பிரிட்டன் தன் மூன்றாவது குவார்டெட்டை அவர்களுக்காகவே எழுதினார். 1976 டிசம்பரில் அவர்கள் அதை அரங்கேற்றியபோது பிரிட்டன் இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

1987-இல் ஷிட்லாஃப் இறந்தார். மீதி மூவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? வேறு வயோலாக்காரரைத் தேடவில்லை. அமடேயஸ் குவார்டெட் அன்றோடு முடிந்தது. உலகத்தில் நல்ல வயோலாக்காரர்களுக்கா பஞ்சம்? என் எண்ணத்தைச் சொல்கிறேன். தன் சொந்த வாத்தியத்தை வைத்துவிட்டு நடுக்குரலுக்குப் போன அந்த மனிதர்தான் அந்தக் குழுவின் ஈடுசெய்ய முடியாத தூண். ராகம் மேலே ஓடுகிறது, அடித்தளம் கீழே நிற்கிறது, இரண்டையும் ஒட்டவைக்கிற சாந்து நடுவில் இருக்கிறது. சாந்து உதிர்ந்தால் சுவர் நிற்காது. ஒரு குவார்டெட்டின் ஆயுள் அதன் நடுநாற்காலிகளில்தான் இருக்கிறது என்பது என் முடிவான கருத்து. பல வருடமாக இதையே சொல்லிவருகிறேன், இனியும் சொல்வேன்.

எதிர் உதாரணம் நீயே சொல்வாய் என்று தெரியும். டாகாச் குவார்டெட் 1975-இல் புடாபெஸ்டில் மாணவர்களாகத் தொடங்கியது. 1990-களில் முதல் வயலின்காரர் டாகாச்-நாஜ் விலகினார், கொஞ்ச நாளில் வயோலா வாசித்த ஓர்மாய் இறந்துபோனார். ஆனாலும் குழு நிற்கவில்லை. புதிதாக வந்த எட்வர்ட் டுசின்பர் பீத்தோவன் குவார்டெட்டுகளோடு தங்கள் வாழ்க்கையையும் சேர்த்துப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் தாவி ஏறுகிறவனுடைய பதற்றத்தை அதில் பார்க்கலாம், அவசியம் படி. அந்த வழி தவறு என்று சொல்ல மாட்டேன். அங்கேயும் இரண்டாவது வயலின் ஷ்ரான்ஸும் செல்லோ ஃபெயரும் பழைய நாற்காலிகளிலேயே இருந்து புதியவர்களைத் தாங்கினார்கள் என்பதை மட்டும் நினைவில் வை. முதல் வயலின் போன பிறகும் குழு பிழைத்ததே!

இன்னொரு ஆளைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வராது. அவர் இருந்தது புடாபெஸ்ட் குவார்டெட்டில். 1917-இல் புடாபெஸ்ட் ஆபரா இசைக்குழுவினர் தொடங்கியது. 1930-களின் நடுவில் பார்த்தால் அதில் ஒரு ஹங்கேரியர்கூட இல்லை, நால்வரும் ரஷ்யப் பேரரசில் பிறந்தவர்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்தக் குழுவுக்கென்று விதிகள் இருந்தன. இசையானாலும் பணமானாலும் தகராறு வந்தால் ஓட்டு. இரண்டுக்கு இரண்டு என்று வந்தால் மாற்றமில்லை, பழையபடியே வாசிப்பது. வருமானம் நால்வருக்கும் சமம், முதல் வயலினுக்கு ஒரு காசு கூடுதல் கிடையாது. இந்தக் கடைசி விதியை இரண்டு முறை படி. இரண்டாவது நாற்காலி தாழ்ந்தது என்று அவர்கள் நினைத்திருந்தால் பங்கில் அது தெரிந்திருக்கும்.

அதில் இரண்டாவது வயலின் அலெக்சாண்டர் ஷ்னைடர். அவர் 1944-இல் விலகிப் போனார். போய்ச் சும்மா இருக்கவில்லை. பொது மேடையில் வாசிப்பதை நிறுத்திவிட்டிருந்த செல்லோ மேதை பாப்லோ காசல்ஸை அந்த மௌனத்திலிருந்து வெளியே கொண்டுவந்து 1950-இல் பிரான்ஸின் பிராட் ஊரில் பாக் விழா நடத்தியதில் பெரும்பங்கு அவருடையது. பேரும் புகழும் கிடைத்தன. பிறகு 1950-களின் நடுவில் திரும்பி வந்தார். எந்த நாற்காலிக்கு? அதே இரண்டாவது வயலினுக்கு. குழு 1967-இல் ஓய்வுபெறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். தனியாக மேடை ஏறி ஜெயித்துக் காட்டிய மனிதர் அந்த இடத்தைத் தேடி வந்தார் என்றால், அங்கே வேறெங்கும் கிடைக்காத ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும்.

இனிச் சோற்றுக்கு என்ன வழி என்று கேட்பாய். கேட்கத்தான் வேண்டும். நாலு பேர் ஒரே கட்டணத்தைப் பங்குபோட வேண்டும், இருநூறு பேர் உட்காரும் அறையில் வாசிக்க வேண்டும், டிக்கெட் வசூலை நம்பினால் கதை முடிந்தது. அதனால் குவார்டெட்டுக்கு எப்போதும் ஒரு நிழல் தேவைப்பட்டது. வியன்னாவில் ரசுமோவ்ஸ்கி பிரபு 1808-இல் ஷுப்பன்சிக் குழுவைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். 1814 கடைசி நாள் இரவு அவர் மாளிகை தீப்பிடித்தது. அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் குழுவும் அப்போதைக்குக் கலைந்தது. ஒரு வீட்டின் கூரையை நம்பி வாழ்வதில் உள்ள ஆபத்து அதுதான். இருபதாம் நூற்றாண்டில் அந்த நிழலை நிறுவனங்கள் தந்தன. புடாபெஸ்ட் குழு வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தின் ஆஸ்தானக் குழுவாக 1962 வரை இருந்தது. கெர்ட்ரூட் விட்டால் என்ற அம்மையார் அந்த நூலகத்துக்குத் தானமாகத் தந்த ஸ்ட்ராடிவாரி வாத்தியங்களில் வாசித்தது. டாகாச் குழு 1980-களில் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குப் போய் இடம்பிடித்தது. இன்று குவார்டெட்டாக வாழ நினைப்பவர்கள் பாடமும் நடத்தத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கௌரவக் குறைவாக நினைக்காதே. சொல்லிக்கொடுக்கும்போதுதான் நாம் ஏன் அப்படி வாசிக்கிறோம் என்று நமக்கே தெரிகிறது.

எமர்சன் குவார்டெட்டில் இரண்டு வயலின்காரர்களும் இடம் மாறி மாறி உட்கார்ந்தார்களே என்று ஒருமுறை கேட்டாய். 1976-இலிருந்து 2023 வரை அப்படியே நடத்திக் காட்டினார்கள், அதற்கு என் வணக்கம். ஆனால் எல்லாரும் அதைப் பின்பற்றலாம் என்று தோன்றவில்லை. இப்போதெல்லாம் ‘சமத்துவம்’ என்றால் எல்லாரும் எல்லா வேலையும் செய்வது என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டாவது வயலினின் காது தனி. அது மேலே போகிற ராகத்தையும் கீழே நிற்கிற செல்லோவையும் ஒரே நேரத்தில் கேட்டு, நடுவில் தன் சுருதியை மயிரிழை ஏற்றி இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் காது வருவதற்கே பத்து வருடம் வேண்டும்.

1991-இல் மர்னிகன், கான்லன் என்ற இருவர் பிரிட்டனின் 20 குவார்டெட்டுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இசைக்காரர்கள் அல்ல, குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பவர்கள். அவர்கள் கண்ட முக்கியமான சிக்கல்களில் ஒன்று இந்த இரண்டாவது நாற்காலி. முதலாமவருக்கு நிகரான திறமை வேண்டும், அதை முன்னால் நின்று காட்டாமல் இருக்கும் மனமும் வேண்டும். இந்த முரண்பாட்டை மேசையில் போட்டு நாள்தோறும் விவாதித்த குழுக்களைவிட, அதை ஒப்புக்கொண்டு அதோடு வாழப் பழகிய குழுக்கள் நன்றாக நடந்தன என்பது அவர்கள் முடிவு. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த யாருக்கும் இதை ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை.

உனக்கு ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். போன மாதம் நீங்கள் நாலு பேர் சேர்ந்து வாசித்தபோது பார்த்தேன். உனக்கு ராகம் வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்தாய். மற்றவர்களுக்கு வந்தபோது உன் வில்லின் பாதிதான் தந்தியில் இருந்தது. கண் தாளை விட்டு ஒருமுறைகூட எழவில்லை. அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். தனக்கு வேலை இல்லாத இடம் என்று குவார்டெட்டில் ஒன்று கிடையாது. ஓய்வுக் குறியில்கூட அடுத்தவர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு வரும்போது ரோசமுண்டேயின் முதல் வயலின் பகுதியை வீட்டிலேயே வைத்துவிட்டு, இரண்டாவது வயலின் பகுதியை எடுத்து வா. அந்த முதல் இரண்டு பாரை மட்டும் வாசி. வில்லை நுனிப்பக்கம் வைத்து, மணிக்கட்டு இறுகாமல், ஒரு சுரம்கூடத் துருத்தாமல். ராகத்தை நான் பியானோவில் வாசிக்கிறேன். ஆனால் நீ திறந்துவைக்கிற கதவு எனக்குப் பிடித்தால்தான் மூன்றாவது பாரில் உள்ளே வருவேன். பிடிக்கவில்லையென்றால் வாசலிலேயே காத்திருப்பேன். எத்தனை முறையானாலும்.

அன்புடன்,
உன் ஆசிரியன்