ஓடைக்கரைப் புதினாவும் வீட்டுப் பாத்தியும்

சம்பலுக்கும் இரசத்துக்கும் நாம் கிள்ளும் புதினா, ஈரநிலத்தை விரும்பும் செடி. அதன் இனத்ததாகிய நீர்ப்புதினா ஐரோப்பாவின் ஓடைக்கரைகளிலும் சதுப்புகளிலும் தானே வளர்வது. சதுரத்தண்டு, எதிரெதிர் இலைகள், தண்டின் நுனியில் உருண்டையாகத் திரண்ட ஊதாப் பூக்கள் ஆகியன அதன் அடையாளங்கள். கசக்கினால் கடுமணம் எழும். இதுவும் தோட்டப் புதினா ஒன்றும் கலந்து உண்டானதே, மிட்டாய்களுக்கு மணமூட்டும் பெப்பர்மின்ற். அது முளைக்கத்தக்க விதை தருவதில்லை. ஆகையால் தண்டுகொண்டே பெருக்கப்படுகிறது.

நம் நாட்டிலும் வாய்க்காலோரத்தில் புதினா படர்ந்திருக்கக் காணலாம். அதனைப் பறித்துப் பச்சையாகச் சம்பல் அரைத்தல் தகாது. மாடுகளின் ஈரலில் வாழும் தட்டைப் புழுவின் முட்டைகள் சாணத்தோடு நீரை அடைகின்றன. அவற்றினின்று வெளிவரும் குடம்பிகள் நீர்நத்தையினுள் வளர்ந்து, பின்னர் வெளியேறி, நீரோரச் செடிகளின் இலைகளிலும் தண்டுகளிலும் சிறு உறைகளாக ஒட்டிக்கொள்ளும். இவ்வுறைகளை நீரில் அலசி முற்றாக நீக்கிவிட இயலாது. பச்சையாக உண்போரின் ஈரலை அடைந்து நோய் விளைவிக்கும். நன்கு வேகவைத்தால் அழியும். மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழேயுள்ள வாய்க்காலாயின், பூச்சிநாசினி கலந்த நீரும் அங்கே வந்து சேரும் என்பதை நினைவிற் கொள்க.

எனவே வாய்க்காலிலிருந்து இலையைக் கொணராது, நடுதண்டை மட்டும் கொணர்க. நான்கைந்து அங்குல நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, இலைகள் அனைத்தையும் கிள்ளி எரித்துவிடுக. இரண்டு கணுக்கள் மண்ணுள் அமையுமாறு, ஓரடி இடைவெளியில் நடுக. மக்கிய மாட்டெருவும் கூட்டெருவும் கலந்த, அரைநிழல் விழும் பாத்தி ஏற்றது. கிணற்று நீரையே பாய்ச்சுக. மண் ஈரமாயிருத்தல் வேண்டும். ஆயினும் நீர் தேங்கின் வேர் அழுகும். நீர்ப்புதினா தாங்கும் தேக்கத்தைத் தோட்டப் புதினா தாங்குமென எண்ணற்க. முதல் வெட்டு இலைகளைக் கறிக்குப் பயன்படுத்தாது அகற்றிவிட்டு, அதன்பின் துளிர்ப்பனவற்றை உண்க. நிலத்திலிருந்து இரண்டங்குலம் விட்டு வெட்டினால் மீண்டும் தழைக்கும்.

இதன் ஓடுதண்டுகள் அடுத்த பாத்தியை விரைவில் கைப்பற்றும். வெங்காயப் பாத்தியின் அருகே நட்டவர் இதனை நன்கறிவர். ஓடுகளை நட்டு வரம்பிடுக, அல்லது அடியில் துளையிட்ட பழைய வாளியில் வளர்க்க. இலையின் கீழ்ப்புறத்தில் செம்பழுப்புக் கொப்புளங்கள் தோன்றின் அது துருநோய்; அச்செடிகளைப் பிடுங்கி எரித்து, நோயற்ற தண்டுகளை வேறிடத்தில் நடுக.