ஹெட்டைத் தேய்த்தால் மைலேஜ் வருமா?

கோபர்கைரனே செக்டர்களில் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு கட்டடத்தின் கீழே ஒரு ஸ்ப்ளெண்டர் பிரித்துப் போடப்பட்டிருக்கும். "இ-20 பெட்ரோல் வந்து மைலேஜ் போச்சுண்ணே. ஹெட்டைக் கழட்டி எமரி பேப்பர்ல தேய்ச்சா கம்ப்ரெஷன் ஏறும், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கூடும்." இதைத் தாராவியில் கேட்டேன், செம்பூரில் கேட்டேன். போன வாரம் என் அக்கா மகனே பாத்ரூம் டைல்ஸ் மேல் எமரி பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தான்.

லேத் பட்டறையில் காலம் தள்ளியவன் நான். எனக்குத் தெரிந்தது மில்லிமீட்டர் கணக்கு.

ஸ்ப்ளெண்டர் சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., கொள்ளளவு 97.2 சிசி. கம்ப்ரெஷன் 9:1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடம் சுமார் 12 சிசி. ஹெட்டில் 1 மி.மீ. சீவினால் அதில் 2 சிசி போகும். ஒன்பதைப் பத்தாக்க ஏறக்குறைய 0.7 மி.மீ. சீவ வேண்டும். அத்தனை பாடுபட்டால் ஏட்டுக் கணக்கிலேயே திறன் 3 சதவீதம்தான் ஏறும். அறுபது ஓடும் வண்டிக்கு அது இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. பத்து எங்கிருந்து வந்தது?

இ-20 தின்பதும் அந்த அளவுதான். பழைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் அறிக்கையே சொல்லியது. அறுபது நாற்பத்தைந்தாக இறங்கியிருந்தால் எத்தனால் தலையில் மட்டும் பழியைப் போடாதீர்கள். ஏர் ஃபில்டரைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? டேப்பெட் எப்போது வைத்தீர்கள்?

சரி, தேய்த்தால் என்ன நஷ்டம்? கேம் ஷாஃப்ட் உட்கார்ந்திருப்பது ஹெட்டில். ஹெட் இறங்கினால் அதுவும் இறங்கும், டைமிங் செயின் தளரும். டென்ஷனர் இழுத்துப் பிடித்தாலும் வால்வு திறக்கும் நேரம் சில டிகிரி பின்தங்கும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருந்த இடைவெளியும் சுருங்கும். கையால் தேய்க்கும்போது ஓரம் அதிகம் கரைந்து நடு மேடாகும், கேஸ்கட் ஊதிக்கொள்ளும். அப்புறம் பாவனே எம்ஐடிசி பக்கம் லேத் தேடி அலைவீர்கள். மட்டப்படுத்துகிறேன் என்று லேத்காரர் இன்னும் கொஞ்சம் சீவுவார்.

ஹெட் வளைந்திருக்கிறதா என்று சந்தேகமா? நேரான ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். சர்வீஸ் கையேட்டில் உள்ள வரம்பைத் தாண்டினால்தான் சீவும் பேச்சு.

மற்றவற்றுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். இன்லெட் துவாரத்தைக் கண்ணாடி போலப் பாலிஷ் போட்டால் வேகம் கூடுமா? பளபளப்பு உங்கள் கண்ணுக்குத்தான். விரிசலுக்கு எபாக்ஸி? உள்ளே எரியும் வாயு 2000 டிகிரியைத் தாண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் பூசுவது அங்கே நிற்குமா? ஆர்கான் வெல்டிங், இல்லையென்றால் வேறு ஹெட். நட்டைக் கைக்கணக்கில் முறுக்கலாம் என்பவர்கள் ஒரு டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கி, குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று தவணையில் முறுக்கட்டும்.

வால்வு லேப்பிங் வீட்டில் முடியாது என்பதும் பொய். பொறுமை இருந்தால் முடியும். பேஸ்ட் துளி மிஞ்சாமல் கழுவிவிட்டு, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். வால்வு வழியே கசியவில்லையென்றால் ஜெயம்.

கடைசியாக, நான் எங்கே போனாலும் கத்துகிற விஷயம்: டயர் காற்று. மைலேஜுக்காக என்ஜினைப் பிரிக்கிறவன் டயரை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுப் போகிறான். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம், அது அவர்கள் தந்தே ஆக வேண்டியது. மெஷின் ரிப்பேர் என்று பையன் கையை விரித்தால் மேனேஜரைக் கூப்பிடுங்கள். அக்கா மகனையும் அப்படித்தான் அனுப்பினேன். பின் டயரில் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது.