கலைப்பயிற்சியும் உடற்காப்பும்

சுவரை வைத்தே சித்திரம் எழுதவேண்டும் என்பது முதுமொழி. கலைஞனுக்கு அவன் உடலே சுவராகும். ஓவியம், அரக்குவேலை, வார்ப்பு முதலிய கைப்பணிகளைப் பயிலும் மாணவர், தாம் கையாளும் பொருள்களின் இயல்பை அறியாராயின் அச்சுவருக்கே கேடு நேரும். அக்கேடு வரும் வழியினையும் அதனைத் தடுக்கும் முறையினையும், கண்டி நாட்டுக் கலைகளைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் வண்ணங்களை நோக்குவோம். கண்டிக்கு அணித்தேயுள்ள தெகல்தொருவ குகை விகாரையின் சுவரோவியங்கள் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. கண்டிய மரபிற் சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் வழங்கின. முன்னது இரசமும் கந்தகமும் சேர்ந்தது. பின்னது ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. இவற்றைச் சுத்தி செய்யாது மருந்தாக்கலாகாது என்பது நம் சித்த மருத்துவர் விதி. மேடை நடிகரின் முகப்பூச்சை இன்றும் அரிதாரம் என்றே வழங்குகிறோம். நஞ்சும் அழகும் எத்துணை நெருங்கி உறைகின்றன என்பதற்கு அச்சொல் ஒன்றே சான்றாகும்.

எனினும், இப்பொருள்கள் தொட்ட அளவிற் கொல்வன அல்ல. சாதிலிங்கம் நீரிற் கரையாதது. அதனை உலர்ந்த தூளாக அரைக்கும்போது மூச்சிற் புகுவதும், தீயிற் கருகும்போது இரசம் ஆவியாக எழுவதுமே அபாயமாம். மாத்தளைப் பகுதியின் அரக்குவேலையிலே அரக்கை அனலில் இளக்கி வண்ணம் சேர்ப்பர். அரக்கு இளகச் சிறு சூடே போதும். வண்ணம் நெருப்பில் வீழ்ந்து கருக விடலாகாது. இக்காலத்துக் குழாய் வண்ணங்கள் சிலவற்றிலும் கட்மியம் உண்டு. குரோம் மஞ்சளில் ஈயம் உண்டு. தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் மாணவன் தன்னை அறியாமலே அவற்றை உண்கிறான். ஓவியரின் நோய்க்கு அவர்தம் வண்ணங்களே காரணமென இத்தாலிய மருத்துவர் இரமசீனி 1700ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

இரண்டாவது, உலோகம். பிலிமத்தலாவைப் பகுதி பித்தளை வேலைக்குப் பெயர் பெற்றது. பித்தளை செம்பும் நாகமும் கலந்தது. செம்பு உருக 1085 பாகை செல்சியசு வேண்டும். நாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உலைமேல் எழும் வெண்புகை அதுவே. பகலில் அதனை உட்கொண்டவனுக்கு மாலையிலோ இரவிலோ குளிரும் காய்ச்சலும் காணும். ஓரிரு நாளில் அது தணிந்துவிடுதலால் சாதாரண சுரமென எண்ணி, மீண்டும் அதே புகையில் அமர்வோர் பலர். ஈரம் பட்ட அச்சில் உருகிய உலோகத்தை வார்த்தால், நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தை வாரி இறைக்கும். ஆதலின் அச்சு நன்கு உலர்ந்தபின்னரே வார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, பாடசாலைக் கலைக்கூடம். பத்திக் மெழுகை நேர்நெருப்பில் வைத்தல் தவறு. வெந்நீர்ப் பாத்திரத்துள் இருத்தியே உருக்குக. மெழுகு பற்றிக்கொண்டால் நீர் ஊற்றலாகாது; மூடியால் மூடி அணைக்கவேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தையைக் குவித்து வைத்தால், அது காற்றோடு கலந்து சூடேறித் தானே தீப்பற்றும். அதனை விரித்து உலர்த்துக, அன்றேல் நீருள்ள மூடிய தகரத்தில் இடுக. உலர்ந்த களிமண் தூளில் சிலிக்கா உண்டு. அது பல்லாண்டு தொடர்ந்து நுரையீரலிற் படியுமாயின் தீரா நோயாகும். ஆதலின் மட்பாண்டக் கூடத்தைத் துடைப்பத்தாற் பெருக்காது ஈரத்துணியால் துடைத்தல் நன்று. மழையும் குளிரும் மிக்க மலைநாட்டிலே சாளரங்களை அடைத்துக்கொண்டு வேலை செய்யும் வழக்கத்தையும் விடல்வேண்டும்.

இவற்றைக் கண்டஞ்சிக் கலைக்கூடத்தையே பூட்டுவோமா? அது மதியன்று. நம் கைப்பணிகளின் பெருமையை 1908ஆம் ஆண்டில் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ எனும் நூலால் உலகறியச் செய்த ஆனந்த குமாரசுவாமி, தொழிலாற் கனிப்பொருள் ஆய்வாளர். இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் தலைவராக விளங்கியவர். கல்லின் கூறறிந்த கண்ணே கலையின் நயத்தையும் கண்டது. பொருளறிவும் கலையறிவும் பகையல்ல என்பதற்கு அப்பெரியாரின் வாழ்வு போதிய சான்று.

ஆதலின் ஆசிரியன்மார் தூரிகையைக் கையிற் கொடுக்குமுன், அவ்வண்ணம் எதனால் ஆயது என்பதைச் சொல்லிக் கொடுப்பாராக. கலைக்கூடத்தில் உண்ணாமையும், வேலை முடிந்தபின் கைகழுவுதலும் முதற்பாடமாகுக. பட்டறையே வீடாகவுள்ள கைப்பணியாளர் குடும்பங்களில், அரைக்கும் இடத்தையும் சமைக்கும் இடத்தையும் பிரித்துவைத்தல் இன்றியமையாதது. ஏனெனில், ஈயம் முதியோரினும் குழந்தைகளையே மிகுதியாகத் தாக்கும். காப்பு என்பது கலைக்குப் புறம்பான சட்டமன்று. அது கலையின் ஓர் உறுப்பேயாகும். இதனை உணர்ந்து பயிலும் மாணவனே நெடுங்காலம் கலைப்பணி செய்ய வல்லவனாவான்.