நீரடி ஸ்கூட்டர் வாங்கலாமா?

தென்னேரியிலிருந்து கோவளத்துக்கோ புதுச்சேரிக்கோ போய் ஸ்கூபா பழகியவர்களுக்கு அடுத்த ஆசை, கையில் பிடித்தால் இழுத்துச் செல்லும் ஸ்கூட்டர். வருடத்துக்கு நாலைந்து முறை மூழ்குபவருக்கு அது வீண்செலவு என்பேன். நம் கரையோரத் தண்ணீர் பல நாள் கலங்கல். வேகமாகப் போய் எதைப் பார்ப்பது? அந்தக் காசில் கால்துடுப்பை நல்லதாக வாங்குங்கள். கனமான கேமராவோடு நெடுந்தூரம் போகிறவர்கள் யோசிக்கலாம், அதுவும் வாடகைக்கு எடுத்துப் பார்த்த பிறகு.

அந்தமானுக்குக் கொண்டுபோவதானால் பேட்டரியைக் கவனியுங்கள். லித்தியம் பேட்டரி 100 வாட்-ஹவருக்கு மேல் போனால் விமான நிறுவன அனுமதி வேண்டும். 160-ஐத் தாண்டினால் பயணியின் சாமானாக ஏற்றவே மாட்டார்கள்.

மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்குள் வாருங்கள். ஸ்கூட்டர் அதைவிட வேகமாக இழுத்துவிடும். வழியில் நின்றுபோனால் நீந்தித் திரும்பும் அளவுக்குச் சிலிண்டரில் காற்று இருக்கட்டும். ஊர் ஏரியில் வெள்ளோட்டம் வேண்டாம்: பாசியும் வலையும் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.