விரல் அசைந்தால் நரம்பு நலமா?

“விரல்கள் அசைகின்றனவே டாக்டர், பிறகு எதற்கு நரம்புப் பரிசோதனை?” முழங்கையருகே வெட்டுக்காயத்துடன் வருவோரின் உறவினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். விடை, முன்கை நரம்புகளின் அமைப்பில் இருக்கிறது.

வழக்கமான அமைப்பு

முன்கைத் தசைகளை மூன்று நரம்புகள் இயக்குகின்றன. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகளுக்கு ரேடியல் நரம்பு; மடக்கும் தசைகளில் பெரும்பாலானவற்றுக்கு மீடியன் நரம்பு; சுண்டுவிரல் பக்கமுள்ள சிலவற்றுக்கு அல்நார் நரம்பு. முழங்கையின் உட்புறத்தை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ‘சுரீர்’ என்று பாய்கிறதல்லவா? அந்த இடத்தில் செல்வது அல்நார் நரம்பே. விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் உதவும் கையின் சிறு தசைகளையும் அதுவே இயக்குகிறது.

இயல்பான மாறுபாடுகள்

பாடநூல் காட்டும் இவ்வமைப்பு எல்லாருக்கும் அப்படியே அமைவதில்லை. விரல் நுனிகளை மடக்கும் ஆழ்தசையில் ஆள்காட்டிவிரல், நடுவிரல் பகுதிகள் மீடியனுக்கும், மற்ற இரு விரல்களின் பகுதிகள் அல்நாருக்கும் உரியவை. சிலரிடம் இந்த எல்லை சற்றுத் தள்ளி அமைகிறது.

வேறு சிலரிடம், மீடியன் நரம்பிலிருந்து பிரியும் ஒரு கிளை முன்கையிலேயே அல்நார் நரம்புடன் சேர்கிறது. 1763-இல் மார்ட்டினும் 1870-இல் குரூபரும் விவரித்த இது ‘மார்ட்டின்–குரூபர் இணைப்பு’ எனப்படுகிறது. ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம் காணப்படும் இது நோயன்று, பிறவி அமைப்பு.

காயத்தின்போது

இவ்விணைப்பு உள்ளவருக்கு முழங்கையில் அல்நார் நரம்பு அறுந்தாலும், மீடியன் வழியாக வரும் இழைகள் கையின் சிறு தசைகள் சிலவற்றை இயக்கிக்கொண்டிருக்கும். விரல் அசையும், நரம்போ அறுந்திருக்கும். ஆனால் இவ்விணைப்பு பெரும்பாலும் இயக்க இழைகளையே கொண்டிருப்பதால், சுண்டுவிரலின் மரத்துப்போன உணர்வு மாறாது. ஆகவே அசைவைவிட உணர்ச்சியே இங்கு நம்பகமான சாட்சி. அறுந்த நரம்பைக் காலத்தே தைத்தால் மீட்சி நன்றாக இருக்கும். காலம் கடந்தால் தசைகள் மெலிந்துவிடும்.

பரிசோதனையின்போது

அல்நார் நரம்பை மணிக்கட்டில் மின்சாரத்தால் தூண்டும்போது தசையின் பதிவு பெரிதாகவும், முழங்கையருகே தூண்டும்போது சிறிதாகவும் வந்தால், இடையில் நரம்பு பழுதுபட்டதாகத் தோன்றும். அப்போது முழங்கையில் மீடியன் நரம்பையும் தூண்டிப் பார்க்கிறோம். குறைந்த பங்கு அங்கே கிடைத்தால், அது பழுதன்று, இணைப்பே எனத் தெளிவாகும். பரிசோதனை சிறிது நீள்வதற்கும், வேண்டாத அறுவை சிகிச்சை தவிர்க்கப்படுவதற்கும் இதுவே காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கையில் ஆழமான வெட்டுக்காயம் பட்டபின் எந்த விரலாவது மரத்திருந்தால், அசைவு இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் கூறுங்கள்.

• பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் பரிசோதனைக்கு முன்பே தெரிவியுங்கள்.

• ‘மார்ட்டின்–குரூபர் இணைப்பு’ என்று அறிக்கையில் இருந்தால் அஞ்ச வேண்டாம். அதற்குச் சிகிச்சை தேவையில்லை. அறிக்கையைப் பத்திரப்படுத்தி, பின்னாளில் கைக்குச் சிகிச்சை பெற நேர்ந்தால் காட்டுங்கள்.

முகம் போலவே நரம்பின் பாதையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். உங்கள் கையின் பாதையை அறிந்த பின்னரே சிகிச்சையைத் தீர்மானிக்கிறோம்.