தலை நனையட்டும், உடம்பு காயட்டும்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த அட்டைப்பெட்டி, மேலே வந்து சேர்வதற்குள் ஜில்லிட்டுப்போகும். உள்ளே பத்து வாத்துக் குஞ்சுகள் இருந்தால், அவற்றின் மலை வாழ்க்கை அந்த ஒரு மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஏற்காட்டின் தலைச்சோலைப் பக்கம் வீட்டோடு நாலு வாத்து வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் கேட்பது, "குளம் வேணுங்களா?" என்றுதான். வேண்டாம். சமவெளியில் வாத்து என்றால் அறுப்பு முடிந்த நெல் வயலும் ஏரியும் நினைவுக்கு வரும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சில்வர் ஓக் நிழலில், காப்பிச் செடிகளுக்கு நடுவே குஞ்சுக்கு எதிரி வறட்சி அல்ல, ஈரம். தாய் வாத்தின் சிறகுக்குள் புகுந்து படுக்கும் குஞ்சு நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்து சூடாகிவிடும். பெட்டியில் வளரும் குஞ்சுக்கு அந்தச் சிறகு கிடையாது. தண்ணீர் அதன் தலைக்கு வேண்டும், உடம்புக்கு ஆகாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

குஞ்சு வருவதற்கு முன்

காலம் பார்த்துத் தொடங்குங்கள். மாசி, பங்குனியில் குஞ்சு இறக்கினால் ஆனி ஆடிச் சாரலுக்குள் இறகு முளைத்துவிடும். மார்கழியில் வேண்டாம், இரவு வெப்பம் 12, 13 டிகிரிக்கு இறங்கும் மாதம் அது.

முட்டைக்கு என்றால் காக்கி கேம்பல். நல்ல பராமரிப்பில் வருடத்துக்கு 280 முட்டைக்கு மேல் இடக்கூடிய இனம். கறிக்கு வெள்ளை பெக்கின். நம் நாட்டுச் சரக்கு ஆரணி வாத்து. அதில் சன்யாசி, கீரி என்று இரண்டு வகை உண்டு. முட்டை குறைவுதான், ஆனால் மேய்ந்து தின்னத் தெரிந்தது. மலைவீட்டுக்கு என் ஓட்டு அதற்கே. வேலிக்கு வெளியே காத்திருக்கும் கீரி வேறு. அதற்குப் பின்னால் வருவோம்.

எங்கே வாங்கினாலும், பறவைக் காய்ச்சல் செய்தி ஓடும் நாட்களில் வாங்காதீர்கள். 2014 நவம்பரில் கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில் அந்த நோய் வந்தபோது முதலில் மடிந்தவை வாத்துகள்தான். பெட்டியில் பக்கவாட்டில் மட்டும் காற்றுத் துளை போட்டு, அடியில் சணல் சாக்கு விரித்து, பகலிலேயே மலை ஏற்றிவிடுங்கள். பொரிந்த குஞ்சு வயிற்றில் மிஞ்சிய மஞ்சள் கருவைக் கொண்டு ஒரு நாள் தாங்கும். பசியை விடக் குளிர்காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும்.

குஞ்சு வருவதற்கு முந்தின நாளே அறையைத் தயார் செய்யுங்கள். மூன்றடி அகல வட்டமாக அட்டையோ மூங்கில் தட்டியோ நிறுத்தி, உள்ளே மூன்று விரல் உயரத்துக்கு நெல் உமி கொட்டி, மேலே சாக்கு விரியுங்கள். செய்தித்தாள் வேண்டாம், வழுக்கி, கால் அகன்று நடக்க முடியாமல் போகும். பூசணம் பிடித்த வைக்கோலும் கூடாது, நுரையீரலைக் கெடுக்கும்.

வெப்பத்துக்குக் குண்டு பல்பு. இப்போது எல்லா வீட்டிலும் எல்.இ.டி. வந்துவிட்டது; அது வெளிச்சம் தரும், சூடு தராது. 60 வாட் பழைய பல்பைத் தேடிப் பிடியுங்கள், அல்லது அகச்சிவப்பு விளக்கு வாங்குங்கள். முதல் வாரம் குஞ்சு நிற்கும் இடத்தில் 30 முதல் 32 டிகிரி இருக்க வேண்டும். பிறகு வாரம் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சே சொல்லும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்தால் புழுங்குகிறது. பரவலாகப் படுத்துத் தூங்கினால் நீங்களும் போய்த் தூங்கலாம்.

மலையில் காற்றடித்தால் மின்சாரம் போகும். அதற்காகக் கரிச்சட்டியை அடைத்த அறைக்குள் வைக்காதீர்கள். அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், உங்களையும் விடாது. வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணி சுற்றி நடுவில் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் சமாளிக்கலாம்.

முதல் மூன்று வாரம்

வந்தவுடன் தண்ணீர், அப்புறம்தான் தீவனம். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் தொட்டு விடுங்கள்.

தண்ணீர்த் தட்டு விஷயத்தில்தான் பலரும் தோற்கிறார்கள். வாத்துக் குஞ்சு அலகையும் மூக்குத் துளையையும் நீரில் முக்கிக் கழுவியாக வேண்டும். இல்லாவிட்டால் தீவனம் மூக்கில் அடைக்கும், கண் ஒட்டிக்கொள்ளும். ஆழம் இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும். ஆனால் அதில் இறங்க விட்டால் பத்து நிமிடத்தில் குளியல், அரை மணியில் நடுக்கம். நான் முதல்முறை வளர்த்தபோது அழகாக இருக்கிறதே என்று அகலமான தாம்பாளம் வைத்தேன். மறுநாள் காலை மூன்று குஞ்சு விறைத்துக் கிடந்தன. இப்போது கிண்ணத்தின் நடுவே ஒரு கூழாங்கல்லை வைத்துவிடுகிறேன். சுற்றியிருக்கும் இடைவெளியில் தலை போகும், உடம்பு போகாது. கிண்ணத்தைக் கம்பிவலை மூடிய ஒரு தட்டின்மேல் வைத்தால் சிந்தும் நீர் வலைக்குக் கீழே போய்விடும், உமி நனையாது. அப்படியும் நனைந்த உமியை அன்றன்றே அள்ளிவிட வேண்டும்.

தீவனத்தை ஈரமாகப் பிசைந்து கொடுங்கள், குழையாமல், உதிரியாக. உலர்ந்த மாவு தொண்டையில் அடைக்கும். அதனால் தண்ணீர் இல்லாத நேரத்தில் தீவனமும் இருக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் 20 முதல் 22 சதவீதம் புரதம் தேவை. வாத்துக்கென்று தனித் தீவனம் கிடைக்காவிட்டால் கோழிக்குஞ்சுத் தீவனம் போதும். மருந்து கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு குறை உண்டு. நியாசின் என்ற பி வைட்டமின் வாத்துக் குஞ்சுக்கு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் அளவுக்கு வேண்டும், கோழிக்குஞ்சின் தேவையைவிட அதிகம். குறைந்தால் கால் வளைந்து, குஞ்சு பின்புறம் ஊன்றி உட்கார்ந்துவிடும். கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கும் பி காம்ப்ளக்ஸ் டானிக்கைச் சீட்டில் உள்ள அளவுப்படி தண்ணீரில் கலந்தால் தீரும்.

நிலக்கடலையில் நியாசின் நிறைய உண்டு. ஆனாலும் கடலைப் புண்ணாக்கை வாத்துப் பக்கம் கொண்டு போகாதீர்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கின் நஞ்சுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். அது இருக்கிறதா என்று சோதிக்கப் பயன்படுத்தியதே வாத்துக் குஞ்சுகளைத்தான். அவ்வளவு எளிதில் அந்த நஞ்சு அவற்றைத் தாக்கும். மூட்டையே ஈரம் குடிக்கிற மலையில் எந்தத் தீவனத்தையும் பத்து நாளுக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள்.

கருவாடு போடலாமா என்பார்கள். உப்பு ஆகாது. உப்பில்லாத மீன்தூள், மண்புழு, நத்தை, பொடியாக நறுக்கிய கீரை, இவை போதும். மூன்றாம் வாரத்திலிருந்து வேகவைத்த சாமை, கேழ்வரகு, தவிடு என்று வீட்டுச் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

வெளியே விடும்போது

நான்காவது வாரம், மூடுபனி விலகிய பிறகு, உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் புல்லில் விடுங்கள். ஆழமில்லாத தொட்டியில் பத்து நிமிடம் குளிக்கலாம். உடனே துடைத்துச் சூட்டில் விட வேண்டும். இரவு விளக்கைச் சமவெளிக்காரர்கள் நான்காவது வாரம் அணைப்பார்கள். இங்கே ஐந்தாறு வாரம் வேண்டும். இஷ்டம்போல் நீந்த, மார்பிலும் வயிற்றிலும் இறகு மூடிய ஏழெட்டு வாரம் ஆகட்டும்.

காப்பித் தோட்டத்துக்குள் மேய விடுபவர்கள் மருந்தடிக்கும் நாளைக் கேட்டு வையுங்கள். மழைக்கு முன் போர்டோ கலவை தெளிப்பார்கள். மயில்துத்தம் தேங்கிய குட்டை வாத்துக்கு நஞ்சு. நத்தைக்கு வைக்கும் மருந்தும் அப்படியே.

கூடு சரிவின் மேட்டுப் பக்கம், தண்ணீர் வடியும் இடத்தில் இருக்கட்டும். பெரிய வாத்து ஒன்றுக்கு நாலைந்து சதுர அடி. வாத்துக்குப் படியேறத் தெரியாது. சாய்வுப் பலகை வையுங்கள். மரநாயும் காட்டுப்பூனையும் இரவில் வரும், கீரி பகலிலேயே வரும். மெல்லிய கோழிவலையைக் கிழித்துவிடும்; அரை அங்குலக் கம்பிவலையை ஓரடி மண்ணுக்குள் புதைத்துக் கட்டுங்கள்.

மூன்று நான்கு வாரத்தில் காலரா தடுப்பூசி, எட்டாவது வாரம் வாத்து பிளேக் தடுப்பூசி. மருந்துக் குப்பி பல பறவைகளுக்கானது. திறந்தால் சேர்த்து வைக்க முடியாது. அக்கம்பக்கத்தில் வாத்து வைத்திருப்பவர்களோடு ஒரே நாளில் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.

இரண்டு மாதத்தில் குரல் பிரியும். உரக்கக் கத்துவது பெட்டை. தொண்டை கட்டினாற்போல் கரகரப்பது ஆண். பின்னால் ஆணுக்கு வால் நுனி இறகு சுருளும். ஆறு பெட்டைக்கு ஓர் ஆண் போதும், மிச்சத்தைக் குழம்புக்கு ஒதுக்கலாம்.

ஐந்தாறு மாதத்தில் முட்டை தொடங்கும். வாத்து அநேகமாக ஒன்பது மணிக்குள் முட்டையிட்டு முடித்துவிடும். விடிந்ததும் திறந்து விட்டால் முட்டை காப்பிச் செடியடியில்தான் கிடக்கும். ஒன்பது அடித்த பிறகு கதவைத் திறந்து, மூலையில் உமியைக் கையால் துழாவுங்கள். புதைத்து வைத்திருக்கும்.